எங்க வீட்டுல நின்ன அண்ணாச்சி வண்டி

ஞாயித்துக்கிழமை காலைல சாந்தோம் தாண்டி, பட்டினப்பாக்கம் போற ரோட்டுல ஒரு டீக்கடை வாசல்ல நாங்க கூடுவோம். நாங்கன்னா மோட்டார் சைக்கிள் பைத்தியங்க. சங்கம், தலைவர், பொருளாளர்னு ஒண்ணும் கிடையாது. மீன் கூடைக்காரம்மாங்க திட்டற அளவுக்கு ரோட்டை அடைச்சு வண்டிய நிறுத்துவோம், டீ குடிப்போம், பேசுவோம். எழுபதுகளோட நடுவுல நான் சந்தோஷமா இருந்த இடம்னு கேட்டா அதத்தான் சொல்லணும். ஆபீஸ்ல இருந்தேன்னு சொல்ல முடியாது.

அந்தப் பேச்சுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டில வந்து எறங்கினோமோ அதப் பத்தி யாரும் பேசமாட்டாங்க. அது ஆபீஸுக்குப் போற வண்டி, ரேஷன் சக்கரை தூக்கிட்டு வர்ற வண்டி. பேச்செல்லாம் "வீட்டுல இன்னொண்ணு நிக்குது"ங்கற இன்னொண்ணப் பத்தித்தான். அது ஓடணும்னு அவசியமில்ல. சொல்லப்போனா ஓடாம இருந்தா மரியாதை ஜாஸ்தி. "என்னுது ஆறு மாசமா எழுந்திருக்கல"ன்னு ஒருத்தர் சொன்னா, மத்தவங்க முகத்துல ஒரு பொறாமை தெரியும்.

மாட வீதிலேர்ந்து ஒரு வாத்தியார் வருவாரு. காலேஜ்ல பிசிக்ஸ் சொல்லித்தர்றவர். அவரோட இன்னொண்ணு முழுசா இருந்து நாங்க யாரும் பாத்ததில்ல. எஞ்சின் கட்டிலுக்கு அடில, பெட்ரோல் டேங்க் பீரோ மேல, சக்கரம் ரெண்டும் ஊஞ்சல் மாட்டற கொக்கில. "ஆத்துல எல்லாரும் அதச் சுத்திண்டுதான் நடக்கறா"ன்னு அவர் சொல்றப்போ, ஏதோ கோயில் பிராகாரத்தப் பத்தி சொல்ற மாதிரி இருக்கும்.

தி.நகர்லேர்ந்து வர்றவர் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நகைக்கடை வெச்சிருந்தாரு. கனமான உடம்பு. அவர் உக்காந்தா அவரோட புல்லட் ஒரு பெருமூச்சு விடும். அவரோட இன்னொண்ணுதான் எங்க கூட்டத்துலயே ராணி. யுத்த காலத்துல மிலிட்டரிக்காரங்க விட்டுட்டுப் போன இங்கிலீஷ் வண்டி. பச்சைப் பெயிண்ட சுரண்டி கறுப்படிச்சு, டேங்க் ஓரத்துல மெல்லிசா ஒரு தங்கக் கோடு இழுத்திருந்தாரு. நகைக்கடைக்காரர் இழுத்த கோடு, கோணுமா?

எனக்கு இருந்தது ஒண்ணே ஒண்ணு. பழைய புல்லட். அந்தக் கூட்டத்துல ஒரே வண்டி வெச்சிருக்கறவன், பத்திரிகை வராத கல்யாணத்துக்குப் போய் பந்தில உக்காந்தவன் மாதிரி. இலையில என்ன விழுதோ சாப்பிட்டுட்டு வாய மூடிக்கிட்டு வரணும். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா ரெண்டு மோட்டார் சைக்கிள் வெச்சுக்கறதும் ரெண்டு குடும்பம் வெச்சுக்கறதும் ஒண்ணுதான். ரெண்டுக்கும் எனக்குத் தைரியம் கிடையாது.

ஆனா எங்கிட்ட ஒரு காலி மாட்டுக் கொட்டாய் இருந்துச்சு. மயிலாப்பூர்ல, குளத்துக்குப் பின்னால ஒரு சந்துல, பின்கட்டுல குடியிருந்தோம். வீட்டுக்காரர் மாட்ட வித்துட்டாரு. கொட்டாய என்ன பண்றதுன்னு அவருக்குத் தெரியல, எங்களுக்கும் தெரியல. அப்போதான் அண்ணாச்சி வீட்டுல தங்கச்சி கல்யாணம் வந்துச்சு. பந்தல் போடணும், வாசல்ல எடமில்ல. "ஒரு வாரம் வெச்சுக்கிடுங்க தம்பி"ன்னு வண்டிய எங்கிட்ட விட்டாரு. கல்யாணம் நடந்துச்சு, தங்கச்சிக்குக் கொழந்த பொறந்துச்சு, கொழந்த நடக்க ஆரம்பிச்சுச்சு. வண்டி மட்டும் எங்க கொட்டாயிலயே நின்னுக்கிட்டிருந்துச்சு.

அந்த வண்டிய நிறுத்தி வெச்சா மட்டும் போதாது, தெனம் ஒரு தரம் எழுப்பணும். அது ஒரு பூஜை. பெட்ரோல் குழாய தெறக்கணும். கார்புரேட்டர்ல ஒரு சின்ன பட்டன் இருக்கும், அத அமுக்கினா பெட்ரோல் கசிஞ்சு வெரல்ல படும், பட்ட ஒடனே விட்டுடணும். ஹேண்டில்ல ஒரு குட்டி லீவர், அதப் பாதி தள்ளணும். அப்புறம் கிக்கர மெதுவா அமுக்கிக்கிட்டே வந்தா, ஒரு எடத்துல உள்ளேர்ந்து யாரோ கதவப் புடிச்சுக்கிட்டு நிக்கற மாதிரி இருக்கும். அந்த எடத்தக் கொஞ்சூண்டு தாண்டி நிறுத்திட்டு, அப்புறம் ஒரே ஒத. தாண்டாம ஒதச்சா அது நம்மள ஒதைக்கும். மொத வருஷம் நான் நொண்டாத மாசம் கொஞ்சம். ஆபீஸ்ல மாடிப்படின்னு சொல்லிச் சமாளிச்சேன். "உங்க வீட்டு மாடிப்படி ரொம்பக் கோவக்கார மாடிப்படி போல"ன்னாரு சூப்பரின்டென்டன்ட்.

கொஞ்சம் கொஞ்சமா எனக்கு அது பழகிடுச்சு. அதுக்கும் நான் பழகிட்டேன்னு சொல்லமாட்டேன், அதெல்லாம் கவிஞருங்க சமாச்சாரம். ஆனா ஒரு ஞாயித்துக்கிழமை டீக்கடைல, என்னையும் அறியாம, "வீட்டுல இன்னொண்ணு நிக்குது, மழை நாள்ல தும்முது"ன்னு என் வாய் சொல்லிடுச்சு. பக்கத்துல அண்ணாச்சி நிக்கறாரு. டீய உறிஞ்சிட்டு, "நிக்கி, நிக்கி. என்னுதுதான் நிக்கி"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். நான் சிரிச்சது மட்டும் கொஞ்சம் லேட்டு.

வீட்டுல என் சம்சாரத்துக்கு அந்தக் கொட்டாய் மேல வேற கண்ணு. சந்துல இருக்கற பொண்ணுங்களுக்குத் தையல் சொல்லித் தரணும்னு அவளுக்கு ஆசை. மிஷின் இருக்கு, எடம் இல்ல. வண்டிய அவ "உங்க மாடு"ன்னுதான் சொல்லுவா. "பாலும் கறக்காது, சாணியும் போடாது. எண்ணெய் மட்டும் போடும்." பேசறது இப்படி. ஆனா மழை சாரல் அடிச்சா கோணிய எடுத்துட்டுப் போய் அது மேல போடறது அவதான். கேட்டா, துரு தரையில படிஞ்சா கழுவறது யாருன்னுவா.

ஒரு ஞாயித்துக்கிழமை அண்ணாச்சி என்னத் தனியா கூப்பிட்டு, கடல் பக்கம் பாத்துக்கிட்டே விஷயத்தச் சொன்னாரு. முதுகுல வலி, அந்தக் கட்ட சீட்டுல இனிமே உக்காரவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஓட்டாத வண்டிய வெச்சு என்ன பண்ண. பெங்களூர்ல ஒருத்தர், நம்மள மாதிரியே பைத்தியம், ஆள் மேல ஆள் விட்டுக் கேட்டுக்கிட்டிருந்தாரு. அடுத்த ஞாயிறு வந்து பாக்கறாராம். புடிச்சிருந்தா எடுத்துக்கறாராம்.

"நீங்கதான் எழுப்பிக் காட்டணும் தம்பி. எனக்கு அந்த வித்தையெல்லாம் மறந்தே போச்சு."

"அதுக்கென்ன அண்ணாச்சி"ன்னேன். அந்த ரெண்டு வார்த்தைய எப்படிச் சொன்னேன்னு இன்னிக்கும் தெரியல. அதுக்கப்புறம் குடிச்ச டீல சக்கரை இருந்துதான்னும் தெரியல.

அந்த ஒரு வாரம் நான் பட்ட அவஸ்தைய எந்த எதிரிக்கும் கொடுக்கமாட்டேன். வண்டி ஒழுங்கா எழுந்துட்டா, போயிடும். எழுந்திருக்கலன்னா, நம்பி விட்ட வண்டிய இவன் கெடுத்து வெச்சிருக்கான்னு அண்ணாச்சி முன்னால என் மானம் போயிடும். எப்படிப் பாத்தாலும் ஏதோ ஒண்ணு போறது உறுதி. எது போகணும்னு வேண்டிக்கறதுன்னே தெரியாம, கபாலி கோயில்ல போய்ச் சும்மா கும்பிட்டுட்டு வந்தேன். அவர் பாத்து ஏதாவது பண்ணட்டும்னு.

திங்கக்கிழமை பிளக்கக் கழட்டி சுத்தம் பண்ணேன். செவ்வாக்கிழமை, சுத்தம் பண்ண பிளக்க சுத்தம் பண்ணேன். புதன்கிழமை எஞ்சின்ல புதுசா ஒரு சத்தம் கேட்டுச்சு. காத வெச்சுக் கேட்டுக் கேட்டு, கடைசில அது சமையக்கட்டுல அவ அரிசி புடைக்கற சத்தம்னு தெரிஞ்சுது. சாப்பாடு எறங்கல. ஆபீஸ்ல உசுரோட இருக்கற ஒரு பாலிசிதாரருக்கு இறப்புச் சான்றிதழ் கேட்டு லெட்டர் டைப் பண்ணிட்டேன். நல்ல வேளை, சூப்பரின்டென்டன்ட் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடுவாரு.

வாத்தியாரு ஒரு நாள் சாயங்காலம் வந்து கொட்டாய் வாசல்ல நின்னாரு. வண்டிய ஒரு பார்வை, என்ன ஒரு பார்வை.

"பொண்ணுக்கு வரன் வந்தா மாதிரி ஏன் ஓய் நின்னுண்டிருக்கீர்? பெட்ரோல் குழாய மூடி வெச்சுடும். எவ்வளவு ஒதைச்சாலும் எழுந்துக்காது. அவன் ரயிலேறிப் போயிடுவான்."

பிசிக்ஸ் படிச்ச மூளை. ஒரு நிமிஷம் எனக்கு அது வேத வாக்கா பட்டுச்சு. ஆனா நான் அதப் பண்ணல. நல்லவன்ங்கறதால இல்ல. நான் பொய் சொன்னா என் காது செவந்துடும். சின்ன வயசுலேர்ந்து அப்படி. நகைக்கடைக்காரர் கண்ணுக்கு அது தப்புமா?

என் சம்சாரம் அந்த வாரம் பூரா ரொம்ப நல்ல மனநிலைல இருந்தா. கொட்டாய்ல மிஷின் எங்க, பெஞ்சு எங்கன்னு கையால அளந்து பாத்துக்கிட்டிருந்தா. வண்டியச் சுத்தித்தான் அளந்தா, அதத் தொடல.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. அண்ணாச்சி கார்ல அந்த பெங்களூர்க்காரரக் கூட்டிக்கிட்டு வந்தாரு. பின்னாலயே வாத்தியாரு, அந்தப் பக்கமா போய்க்கிட்டிருந்த மாதிரி வந்தாரு. பெங்களூர்க்காரரு என்னவிட நாலஞ்சு வயசு பெரியவர். ஒல்லி, ஒசரம், கூலிங் கிளாஸ். தமிழ்க்காரர்தான், அங்கயே பொறந்து வளந்தவர். கால்ல பிரவுன் ஷூ. எங்க ஆளுங்க யாரப் பாத்தாலும் மொதல்ல ஷூவத்தான் பாப்போம். கியர் லீவர் ஒரசி ஒரசி, ஒரு கால் ஷூவோட மூக்கு மட்டும் கறுத்துப் போயிருக்கும். எங்களுக்கு வலது கால். இவருக்கு இடது கால் கறுத்திருந்துச்சு. பாத்தேன். பாத்ததோட சரி, புத்தி வேற எங்கயோ இருந்துச்சு.

அவரு வண்டிகிட்ட ஒடனே போகல. என்னப் பாத்து, "உங்களுக்கு வீட்ல வேற என்ன சார் இருக்கு?"ன்னாரு. அந்தக் கேள்வியக் கேட்டதும், மனுஷன வெறுக்கலாம்னு நான் பண்ணி வெச்சிருந்த ஏற்பாடெல்லாம் கெட்டுப் போச்சு. நம்ம சாதி. அப்புறம் அவரே தன்னோடதயெல்லாம் சொல்ல ஆரம்பிச்சாரு. ஏழு வண்டியாம். ஒண்ணு குளுர் காலத்துல படுத்தா சங்கராந்திக்குத்தான் எழுந்திருக்குமாம். ஒண்ணு மேட்டுல நல்லா ஏறும், எறக்கத்துல நின்னுடுமாம். ஒண்ணு அவரு அப்பா ஓட்டினது, அத ஓட்டறதில்ல, பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து பேப்பர் படிப்பாராம். வாத்தியாரு அசந்துபோய், பீரோ மேல இருக்கற டேங்க்கப் பத்திச் சொன்னாரு. "பீரோ மேலயா? நான் பரண்ல வெச்சிருக்கேன், எறக்கறது கஷ்டமா இருக்கு"ன்னாரு அவரு. ரெண்டு பேரும் கைகுலுக்காத குறை.

அதுக்குள்ள காபியோட என் சம்சாரம் வந்தா. வந்தவ சும்மா போகல. வண்டியப் பத்தி அவ மனசுல இத்தனை வருஷமா சேத்து வெச்சதெல்லாம், கேக்கறதுக்கு ஒரு ஆள் கெடச்சதும், கொட்டித் தீத்துட்டா. மழை வந்தா தும்மும். காலைல எழுப்பினா பக்கத்து வீட்டுக் கொழந்த அழும். சைலன்சர் பக்கம் போனா பொடவை பொசுங்கும், ஒரு நல்ல பொடவை போச்சு. எண்ணெய் ஒழுகாத நாளே கிடையாது. கீழ வெச்சிருக்கற தட்டு அவளோட ஓட்டையில்லாத பழைய இட்லித் தட்டு. வியாபாரம் முடியணும்னு ஆசைப்பட்ட ஒரே ஆள், வந்த மாப்பிள்ளைகிட்ட பொண்ணுக்கு நடக்க வராதுன்னு சொல்லிக்கிட்டிருக்கா. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பல்பு எரிஞ்சுது. அண்ணாச்சி முகம் சுருங்குச்சு.

பெங்களூர்க்காரருக்கு மட்டும் முகம் மலந்துக்கிட்டே போச்சு. "ஒழுகுதுன்னா உள்ள எண்ணெய் இருக்குன்னு அர்த்தம்மா. ஒழுகாத வண்டிய நான் நம்பமாட்டேன்." அப்புறம் அண்ணாச்சியப் பாத்து, "இவ்வளவு குறை இருக்கற வண்டி எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல சார்"ன்னாரு.

பல்பு அணைஞ்சுது. என் மொறை வந்துச்சு.

குழாய தெறந்தேன். பட்டன அமுக்கினேன், பெட்ரோல் வெரல்ல ஜில்லுனு பட்டுச்சு. லீவரப் பாதி தள்ளினேன். கிக்கர அமுக்கினேன், உள்ள அந்தக் கதவு வந்து முட்டுச்சு. அந்த எடத்துல நான் கொஞ்சம் நின்னேன். எழுந்திருக்காதேன்னு வேண்டினேனா, எழுந்திருன்னு வேண்டினேனா தெரியாது. தாண்டினேன். ஒதச்சேன்.

ஒரே ஒத. எழுந்துடுச்சு. டப், டப், டப்னு, நிதானமா, எதையோ யோசிச்சு யோசிச்சுப் பேசற மாதிரி. பக்கத்து வீட்டுக் கொழந்தகூட அன்னிக்கு அழல. என் மூஞ்சில பெருமை வழிஞ்சிருக்கணும், வாத்தியாரு என்னப் பாத்துத் தலையில அடிச்சுக்கிட்டாரு.

ஓட்டிப் பாக்கணும்ல. அண்ணாச்சிக்கு முதுகு. அதனால வழி காட்ட நான் பின்னால உக்காந்தேன். மந்தைவெளி தாண்டி, ராஜா அண்ணாமலைபுரம் வழியா அடையாறு பாலம் வரைக்கும் போய்த் திரும்பறதா பேச்சு. சந்த விட்டு அவரு மெதுவாத்தான் எடுத்தாரு. ஒவ்வொரு கியருக்கும் கொஞ்சம் யோசிச்ச மாதிரி இருந்துச்சு. புது வண்டில எல்லாரும் அப்படித்தான்னு நெனச்சேன். அவரு தலைய லேசா திருப்பி, தன்னோட ஏழுல ஒண்ணப் பத்திச் சொல்லிக்கிட்டே வந்தாரு. செக் நாட்டு டூ ஸ்ட்ரோக்காம், ஒரு வருஷமா தெனம் ஓட்டறது அதுதானாம்.

பாலத்துக்கு முன்னால ஒரு பஸ் ஸ்டாப். எங்களுக்கு முன்னால போன பஸ், திடுதிப்புனு நின்னுச்சு.

அவரு பிரேக் புடிச்சாரு. அதாவது, அவரு பிரேக்குன்னு நெனச்சதப் புடிச்சாரு. அந்த டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு இடது காலு கியர், வலது காலு பிரேக். எங்க வண்டிக்கு அது அப்படியே மாறி, வலது கால்ல கியர், இடது கால்ல பிரேக். அவரு வலது கால ஓங்கி அமுக்க, வண்டி நிக்கறதுக்குப் பதிலா அடுத்த கியருக்குப் போயி, அப்பாடான்னு இன்னும் லேசா ஓடுச்சு. பஸ்ஸோட பின்பக்கம் பெருசாகிக்கிட்டே வந்துச்சு. அந்த இடது கால் ஷூவோட கறுத்த மூக்குக்கு எனக்கு அப்பத்தான் அர்த்தம் புரிஞ்சுது. "இடது, இடது"ன்னு நான் கத்தினது அவரு காதுல விழல. பின்னால எனக்குப் பிரேக்கும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. கால் வெக்கற கம்பிய ரெண்டு காலாலயும் மிதிமிதின்னு மிதிச்சேன்.

வேகம் கொறையலன்னு தெரிஞ்சதும், சரி கியரயாவது கொறைப்போம்னு அவரு இடது கால அமுக்கினாரு. அதுதான் பிரேக். அவரு பண்ண ரெண்டாவது தப்பு, மொதல் தப்புலேர்ந்து எங்களக் காப்பாத்துச்சு. டயர் ஒரு கத்து கத்தி, முன்சக்கரம் பஸ்ஸோட பின்படிக்கட்ட ஒட்டிப் போய் நின்னுச்சு. எஞ்சின் அணைஞ்சுடுச்சு.

படில நின்ன கண்டக்டரு குனிஞ்சு எங்க சக்கரத்தப் பாத்தாரு, எங்களப் பாத்தாரு.

"இன்னா நைனா, வண்டியோட ஏறிக்கினா லக்கேஜுக்கும் டிக்கெட் கீது." விசிலடிச்சாரு. பஸ் போயிடுச்சு.

வண்டிய ஓரங்கட்டினோம். அவரு கூலிங் கிளாஸக் கழட்டினாரு. அப்புறம், ஏழு வண்டி வெச்சிருந்து என்ன பிரயோஜனம், காலு சொன்ன பேச்சக் கேக்க மாட்டேங்குதேன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாரு. மறுநாள் விடியக்காலைல இதுலயே பெங்களூர் போறதா இருந்தாராம். லாரில ஏத்த மனசில்ல. லாரிக்காரன் சாய்ச்சுப் போட்டுடுவான்னு பயம். எனக்கும் அதே பயம்தான் இருந்திருக்கும்.

என் பக்கம் திரும்பினாரு.

"நீங்கதானே இத தெனம் எழுப்பறவர். உண்மையச் சொல்லுங்க சார். நான் இத ஊர் வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போக முடியுமா? முடியாதுன்னா சொல்லிடுங்க, இப்பவே விட்டுடறேன்."

ஒரு வாரமா கபாலிகிட்ட எதக் கேக்கறதுன்னு தெரியாம நின்னவன் நான். நான் கேக்காமலேயே கபாலி கொண்டாந்து கையில வெச்சுட்டாரு. முடியாதுன்னு ஒரே ஒரு வார்த்தை. காது செவக்க வேண்டிய அவசியம்கூட இல்ல. இப்ப பாத்ததுக்கு அது பாதிக்கு மேல உண்மை. பெங்களூர் ரோட்டுல நிக்கற லாரியெல்லாம் என் கண்ணு முன்னால வந்துச்சு. இந்த மனுஷன் அது ஒண்ணு ஒண்ணு பின்னாலயும் போய் வலது கால அமுக்கறது வந்துச்சு. தங்கக் கோடு வந்துச்சு.

ஆனா மீதிப் பாதியும் எனக்குத் தெரியுமே. பழகினா வரும். எனக்கே வந்துச்சு. என்னவிட மக்கு எந்த ஊர்ல இருக்கான்?

"ஒரு மணி நேரம் பழகினா முடியும்"னேன். என் வாய் எப்பவுமே என் கட்சில இருந்ததில்ல.

நான் ஓட்ட, அவரு பின்னால உக்காந்து வந்தாரு. பட்டினப்பாக்கம் கடற்கரை ரோட்டுக்குப் போனோம். அந்த நேரத்துல அங்க வண்டி நடமாட்டம் கிடையாது. வலை காயப்போட்டவங்கதான் இருந்தாங்க. என் கைக்குட்டைய எடுத்து அவரோட இடது முழங்கால்ல கட்டினேன். வெள்ளைத் துணி எங்க இருக்கோ அதுதான் பிரேக், வேற எதையும் யோசிக்காதீங்கன்னேன். நாப்பது வயசு தாண்டின ரெண்டு பேரு, ஒருத்தரு கால்ல துணிய கட்டிக்கிட்டு ஓட்டறாரு, இன்னொருத்தன் தொப்பையோட வேஷ்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு பக்கத்துலயே "வெள்ளை, வெள்ளை"ன்னு கத்திக்கிட்டு ஓடறான். வலை பிரிச்சுக்கிட்டிருந்த அம்மா ஒருத்தங்க, "காலு ஒடிஞ்சவருக்கு எதுக்கு நைனா வண்டி கத்துக்குடுத்துக்கினு கீறே?"ன்னாங்க.

மொதல்ல பத்து தரம்னா எட்டு தரம் தப்பு. நான் ஒரு மீன் கூடைய ரோட்டு நடுவுல வெச்சு, அதுக்கு முன்னால நிறுத்தச் சொன்னேன். கூடைக்குச் சொந்தக்காரம்மா என்ன சொன்னாங்கன்னு இங்க எழுத முடியாது. அப்புறம் மெல்ல மெல்ல சரியாச்சு. கடைசில கூடைக்கு ஒரு அடி முன்னால, பூ மாதிரி கொண்டாந்து நிறுத்தினாரு. துணிய அவுத்துட்டு ஓட்டச் சொன்னேன். அப்பவும் நின்னுச்சு. நல்லா வந்துச்சேன்னு எனக்கு வந்த சந்தோஷத்தையும் இவ்வளவு நல்லா வந்துடுச்சேன்னு வந்த துக்கத்தையும் எந்தப் பக்கம் வெச்சுக்கறதுன்னு தெரியல. எழுப்பற வித்தையயும் சொல்லிக் கொடுத்தேன், உள்ள கதவு புடிக்கற அந்த எடத்த. அவரு கையப் புடிச்சு இல்ல, காலப் புடிச்சு. மூணாவது ஒதையில அவரே எழுப்பினாரு.

வீட்டுக்கு வந்தோம். நாங்க திரும்பாததப் பாத்து அண்ணாச்சி கார்ல தேடிப் போறதா இருந்தாராம். அண்ணாச்சியும் பெங்களூர்க்காரரும் இழுபறி இல்லாம ஒரு வெலைக்கு வந்துட்டாங்க. அது என்னன்னு நான் காது கொடுக்கல. அன்னிக்கு ராத்திரி தி.நகர்ல அண்ணாச்சி வீட்டுல தங்கிட்டு, விடியக்காலைல அவரு கெளம்பறதா முடிவாச்சு. அண்ணாச்சி என் தோள்ல கை வெச்சாரு. ஏதோ சொல்ல வந்தவரு, "பொறவு பேசுதேன் தம்பி"ன்னு சொல்லிட்டு, வேகமா போய் கார்ல உக்காந்துக்கிட்டாரு. வண்டியத் திரும்பிப் பாக்கல. வாத்தியாரு அன்னிக்கு ஒரு கிண்டலும் பண்ணல.

பெங்களூர்க்காரரு கிளம்பறதுக்கு முன்னாடி என் சம்சாரம் வந்து, வண்டிக்குக் கீழ இருந்த இட்லித் தட்ட எடுத்துத் தொடைச்சு, ஒரு பழைய பேப்பர்ல சுத்தி அவரு பையில வெச்சா. "அங்க போய் நிறுத்தினா கீழ வெக்கணும்ல. இது அளவுக்குச் சரியா இருக்கும்"னா.

அவரே ஒதச்சாரு. எழுந்துடுச்சு.

அண்ணாச்சி கார் முன்னால போச்சு, வண்டி பின்னால. சந்து முனை திரும்பினதும் கண்ணுக்குத் தெரியல, சத்தம் மட்டும்தான். நான் வாசப்படில நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். மொதல் கியர். ரெண்டாவது. அப்புறம் ஒரு ரிக்ஷாக்காரன் மணியடிக்கற சத்தமும் யாரோ திட்டற சத்தமும் கேட்டுச்சு. என் இடது காலு தானா படிய அமுக்குச்சு. வெறும் செருப்புக் காலு, வெறும் கல்லு. அமுக்கிக்கிட்டே நின்னேன். எஞ்சின் சத்தம் எறங்குச்சு, எறங்குச்சு, டப், டப்னு ஒரே எடத்துல நின்னு பேசுச்சு. நிறுத்திட்டாரு. மறுபடியும் மொதல் கியர் போட்டுக் கெளம்பிச்சு.

பின்னால என் சம்சாரம் வந்து நின்னா. கையில அளவு டேப்பு இருந்துச்சு.

"போயிடுச்சாங்க?"

"இரு. இன்னும் மூணாவது போடல."

அவளும் நின்னா. லஸ் பக்கம் பஸ் சத்தம், யாரு வீட்டுலயோ ரேடியோ, அதுக்கு நடுவுல எங்க சத்தம் மெலிசாகிக்கிட்டே போச்சு. ரெண்டாவதுலயே இழுத்துக்கிட்டுப் போறாரேன்னு எனக்குப் பதறுச்சு. மறந்துட்டாரா, கால் மறுபடியும் மாறிடுச்சான்னு இருந்துச்சு. அவ என் கையப் புடிச்சு, பேசாம இருங்கன்னா. நான் பேசவே இல்ல.

அப்புறம் தூரத்துல சத்தம் ஒரு நொடி நின்னு, கீழ எறங்கி, லேசாச்சு.

"போட்டுட்டாரு"ன்னா அவ.